கடைக்கு 10,000 பவுண்டு, குடியிருப்பவருக்கு?

கேள்வி: கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் சிறு கடைக்காரர்களுக்கு உண்மையிலேயே பணம் கொடுத்தனவா?

பதில்: கொடுத்தன. அதுவும் கடனாக அல்ல, திருப்பித் தர வேண்டாத மானியமாக.

2020 மார்ச்சில் பிரிட்டன் அரசு அறிவித்த திட்டம் இது. பணம் மத்திய அரசுடையது, கையில் சேர்த்தது உள்ளாட்சி மன்றம். சிறு வணிக வரிச்சலுகை பெற்ற கடைக்கு 10,000 பவுண்டு. அதைவிடப் பெரிய சில்லறைக் கடை, உணவகத்துக்கு 25,000 பவுண்டு. கட்டடத்தின் வரி மதிப்பு மட்டும் 51,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். யார் கடை எங்கே இருக்கிறது என்பது மன்றத்தின் வரிப்பதிவேட்டிலேயே இருந்ததால் வேலை வேகமாக நடந்தது. பழைய வரி ரசீதில் இருந்த கணக்கு எண்தான் பலருக்குச் சாவி.

சிக்கலும் அங்கேதான். சந்தையில் தட்டி போட்டுக் காய்கறி விற்றவர் பெயரில் வரி ரசீது ஏது? வாடகை கட்டியும் பதிவேட்டில் இல்லாத அவர்கள் விடுபட்டார்கள். இது பெரிய அநீதி. மே மாதம்தான், மன்றங்கள் தாமே முடிவெடுத்து வழங்கும் தனி நிதி வந்தது.

வீட்டு வாடகைதாரருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவகாசம். வெளியேற்ற வழக்குகள் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. வீட்டைக் காலி செய்ய வைக்கும் அமீனாக்களுக்கான தடை 2021 மே 31 வரை நீடித்தது. வாடகை பாக்கி மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. வீட்டு உதவித்தொகை பெறுவோருக்கு மன்றம் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்க முடிந்தது. பாக்கியில் தவித்தவர்களுக்கென 6.5 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது 2021 அக்டோபரில், தடை நீங்கி ஐந்து மாதம் கழித்து.