பாப்பாவின் உப்புக்கு ஒரு பெயர்

இடையஞ்சாவடி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் உப்புப் பாக்கெட் லேபிளுக்கு என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு படத்தையும் பார்த்தேன். பெரியம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "எது நல்லா இருக்குன்னு ஒண்ணைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். உன் அப்பனும் அப்படித்தான். அதனால்தான் கடிதம்.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்ததைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நகையை அடகு வைத்த பணத்துக்கு மாதா மாதம் வட்டி ஓடுகிறது, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை நின்றுவிடும். இந்த இரண்டையும் மட்டும் மனதில் வைத்துக்கொள்.

முதல் படத்தில் 'ஆரோ' என்று தொடங்கும் பெயர் வைத்திருக்கிறாய். குயிலாப்பாளையம் ரோட்டில் ஒரு நடை போய்ப் பார். பேக்கரி, தங்கும் விடுதி, வாடகை வண்டி என்று பலகைக்குப் பலகை ஆரோதான். 1968-ல் ஆரோவில் உண்டானதிலிருந்து அந்தப் பெயருக்கு அங்கே உள்ளவர்கள் உழைத்துச் சேர்த்த மதிப்பு அது. அதில் நாம் ஏன் குளிர்காய வேண்டும்? தேடுகிறவனுக்கு அந்தக் கூட்டத்தில் உன் கடை எப்படித் தெரியும்? டிரேட்மார்க் கேட்டால் ஆட்சேபமும் வரும். சரி, வெறும் 'மரக்காணம்' என்று வைக்கலாமென்றால், ஊர்ப்பெயரை மட்டும் தனி ஆளுக்கு எழுதிக்கொடுக்க 1999 டிரேட்மார்க் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. அதுவும் நியாயம்தான். அந்தப் பெயர் அளத்தில் கால் வைத்த எல்லாருக்கும் சொந்தம். நீயாக ஒரு பெயர் யோசித்து, ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பம் போடு. பதிவானால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. பதிவாகும் முன்னால் வட்டத்துக்குள் ஆர் எழுத்து போடாதே, அது தண்டனைக்குரியது. லேபிள் அடித்தே காலம் கழித்தவன் சொல்கிறேன்.

பெயரை விடு. அந்த முதல் படத்தில் இருக்கும் கால்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வெடித்த குதிகால், அதற்குக் கீழே 'ஒரு பாக்கெட் வாங்கினால் ஓர் உப்பளத் தாய்க்கு ஒரு வேளைச் சோறு'.

உன் ஆயாவின், அதாவது என் அம்மாவின், துண்டறிக்கைக் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் பாண்டியில் பிரஸ்ஸில் இருந்தபோது ஒரு தொண்டு நிறுவனத்தின் நன்கொடைத் துண்டறிக்கை அச்சுக்கு வந்தது. நாலு கலர். புரூஃபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வரப்பின்மேல் உப்புக்கூடையோடு நம் ஆயா. வெயிலுக்கு முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். முழங்கைப் பச்சையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கீழே 'கைவிடப்பட்ட மூதாட்டி' என்று போட்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் சொந்த வீடும் உள்ளவள். உப்புக்கூலியில் சேர்த்து உன் அத்தைக்குக் கல்யாணம் செய்து வைத்தவள். "சும்மா ஒரு போட்டோ" என்று சொல்லித்தான் எடுத்தார்களாம். கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்து, "நான் எப்படா கையேந்தினேன்?" என்றாள். அதன்பிறகு எவன் கேமராவோடு வந்தாலும் பாத்தியைவிட்டு ஏறிப் போய்விடுவாள். இப்போது அவள் பேத்தி இந்தப் படத்தை எனக்கு அனுப்புகிறாள்.

விலையில் உன்னால் போட்டி போட முடியாது, தெரியும். அரசாங்கமே 2014-ல் அம்மா உப்பு, 2022-ல் நெய்தல் உப்பு என்று கடையில் இறக்கியது. அதனால்தான் பரிதாபத்தைச் சேர்த்து விற்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் நிலைத்து நின்றவர்களைப் பார். 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தார்கள். சரக்கு நன்றாக இருந்தது, வாங்கினார்கள். நம் பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில் உபாசனா நிறுவனத்தார் மீனவப் பெண்களுக்குத் துணித்துண்டில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பெயர் சுனாமிகா. அதற்கு விலையே கிடையாது, கையில் கொடுப்பார்கள். மனமிருப்பவர்கள் பணம் தரலாம். லட்சக்கணக்கில் நாடு நாடாகப் போனது. அழுகிற முகத்தைக் காட்டிக் காசு கேட்கவில்லை. லிஜ்ஜத்தில் நன்கொடை இல்லை, சுனாமிகாவில் விலை இல்லை. உன் பாக்கெட்டில் மட்டும் இரண்டும் கலந்து கிடக்கிறது. 150 ரூபாய் கொடுத்தவன் உப்பு வாங்கினானா, தர்மம் செய்தானா? நாளைக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை ரசீது கேட்டால் என்ன சொல்வாய்?

உதவி செய்யத்தான் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு டிரஸ்ட் வை. கடை வேறு, டிரஸ்ட் வேறு. பெயர், பாங்க் கணக்கு, இணையப் பக்கம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கடையில் லாபம் வந்தால் டிரஸ்டுக்குக் கொடு, எவ்வளவு கொடுத்தாய் என்று வருஷத்துக்கொரு முறை கணக்கைப் போடு. ஆளைக் காட்டத்தான் வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ் செய்ததைப் பார். பட்டுப்புடவையோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை வைத்தார்கள், தொழில்காரருக்குரிய மரியாதையோடு. நீயும் வாரியவளின் பெயரைப் போடு, எந்த அளம், என்ன கூலி என்றும் போடு. எல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டு.

இன்னொன்று. முதல் படத்தில் 'இயற்கை உப்பு, அயோடின் இல்லை' என்று பெருமையாகப் போட்டிருக்கிறாய். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 மே மாதத்திலிருந்து தடை இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்.

இரண்டாவது படத்தில் பெயர், எடை, ஊர் மட்டும் இருக்கிறது. எனக்கு அது போதும். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்கமாட்டேன். முதல் படம்தான் வேண்டுமென்றால், வீட்டுச் சுவரில் ஆயா படத்துக்குப் பக்கத்தில் அதை ஒரு நாள் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்.

கோபமாக எழுதிவிட்டதாக நினைக்காதே கண்ணு. நம் குடும்பத்தில் உப்பை வாரினவர்கள் உண்டு, சுமந்தவர்கள் உண்டு, சொந்தப் பெயரில் விற்கத் துணிந்தவள் நீ ஒருத்திதான். உன் அப்பன் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான். லேபிளுக்கு என்ன காகிதம், ஈரத்துக்கு எது தாங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி, பைசா வேண்டாம், நானே பிரஸ்ஸில் நின்று அடித்துத் தருகிறேன். முதல் ஐம்பது பாக்கெட் எங்களுக்கு. பெரியம்மா இந்த வருஷம் மாவடு முழுக்க உன் உப்பில்தான் போடப்போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, நெத்திலிக் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வட்டிக்கு இந்த மாதம் முடியாவிட்டால் வாய் திறந்து கேள்.

அன்புடன்,
பெரியப்பா