அம்பாசிடர் கதவு தொங்கினால்

பாலகாட்டில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்கும் அம்பாசிடர் என் தமையனார் வாங்கியது. அவர் காலமான பிறகு என் பொறுப்புக்கு வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும்போது, ஒரு வளைவில் பின்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஏழு வயதுப் பேத்தி அதன்மேல் சாய்ந்திருந்தாள். என் மனைவி அவள் பாவாடையைப் பற்றி இழுத்ததால் தப்பினோம்.

குற்றம் என்னுடையதுதான். அந்தக் கதவு சில மாதங்களாகவே தொங்கிக்கொண்டிருந்தது. ஓங்கி அறைந்தால்தான் மூடும். நான் என்ன செய்தேன்? கதவுத் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி, சற்றுக் கீழே இறக்கி முடுக்கினேன். கதவு சுலபமாக மூடியது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

கார் கதவின் லாக் இரண்டு படியாக மாட்டுவது. முதல் சத்தத்தில் அரைப்பூட்டு, இரண்டாவதில்தான் முழுப்பூட்டு. என் கதவோ சாய்ந்த கோணத்திலேயே போய் மாட்டியதால் முதல் படியோடு நின்றிருக்கிறது. வெளியே நின்று பார்த்திருந்தால், கதவின் ஓரம் பாடியைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

நோய் லாக்கில் இல்லை, கீலில் இருந்தது. இரண்டு கீல்களுக்கும் நடுவே 40 செ.மீ., கதவின் அகலம் 100 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீல்களில் மொத்தம் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் லாக் இருக்கும் முனை 2.5 மி.மீ. இறங்கிவிடும். ரயில் பெட்டியின் பிரேக் தண்டுகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு பின்னிலும் சிறு தேய்மானம். கூட்டிப் பார்த்தால் பெரிய ஆட்டம். அங்கே பின்னையும் புஷ்ஷையும் மாற்றாமல் நான் வண்டியை அனுப்பியதில்லை. சொந்த வண்டி என்றதும் புத்தி மழுங்கிவிட்டது.

எங்கள் ஊரில் கீல் தேய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டாலும் சயனைடு மண்மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அந்த மாவுமண் வீட்டுக்குள் சோற்றுத் தட்டு வரை வரும். மாவாக அரைபட்ட குவார்ட்ஸ் பாறை அது. சாதாரண இரும்பைவிடக் கடினமானது. கீலில் விட்ட எண்ணெயோடு சேர்ந்தால் வால்வு அரைக்கும் பேஸ்ட் மாதிரிதான். ஆகவே எண்ணெய் விடுமுன் பழைய அழுக்கை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

சோதனை எளிது. கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத முனையை மேலே தூக்குங்கள். வீட்டில் ஒருவர் கீலில் விரலை வைத்துப் பார்க்கட்டும். கீலின் இரண்டு இதழ்களும் ஒன்றுக்கொன்று ஆடினால் பின் தேய்ந்திருக்கிறது. கீல் முழுவதும் தூணோடு சேராமல் ஆடினால் திருகாணி தளர்ந்திருக்கிறது, அல்லது தூணின் தகடு துருப்பிடித்திருக்கிறது. துரு என்றால் டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை.

பின் தேய்ந்திருந்தால், முதலில் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கதவின் அடியில் துணி சுற்றிய கட்டையை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். ஒரு சமயத்தில் ஒரு கீலை மட்டும் கழற்றுங்கள். மற்றது இடத்தைக் காக்கும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டுவைத்தால் பின் பஞ்சுக்கு இசையும். என்னுடைய பழைய பின்னில் தேயாத நுனிக்கும் நடுவுக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். துளையும் முட்டை வடிவமாகியிருந்தது. அப்படியானால் அதே அளவில் புதுப் பின் போட்டுப் பயனில்லை. இரண்டு இதழ்களையும் சேர்த்துப் பிடித்து, ஒரே நேர்கோட்டில் ரீமர் ஓட்டி, அதற்கேற்ற சற்றுப் பருத்த பின்னை லேத்தில் கடைந்து போட வேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் சுரங்கப் பட்டறையில் கை பழகிய ஒரு லேத்காரர் எனக்கு அரை நாளில் செய்து கொடுத்தார். 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டபடியால், உதிரிப்பாகம் தேடி அலைவதைவிட இதுவே மேல்.

கீல்கள் சரியாகி, கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக வந்த பிறகுதான் ஸ்ட்ரைக்கரைத் தொட வேண்டும். நான் இறக்கியதைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். மெதுவாக மூடினாலே இரண்டு சத்தமும் கேட்டது. பிறகு ரப்பர் பீடிங்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே பிடி இருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ வந்து, அப்பா காலத்து வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் அன்பர்கள், புறப்படுமுன் நான்கு கதவுகளையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள். எங்கள் பேத்திக்கு இப்போது பத்து வயது. இன்னமும் நடு இருக்கைதான் வேண்டும் என்கிறாள்.