குதிரை வாருக்கு எந்த ரிவிட்?

ஆடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘காபித் தோட்டத்தில் இரண்டு மட்டக்குதிரை வைத்திருக்கிறோம். ஜீப் வராத சரிவுகளிலிருந்து மூட்டையும் வாழைத்தாரும் இறக்குவது அவைதான். வயிற்று வாரில் பக்கிள் மாட்டும் இடத்தில் ரிவிட் அடித்து வாங்கினோம். ஐப்பசி மழை முடியுமுன்பே தொப்பி கழன்று வந்துவிட்டது. மிச்சமிருப்பதைச் சுற்றித் தோல் கறுத்துப்போயிருக்கிறது. இன்னும் பெரிய ரிவிட்டாகப் போட்டால் நிற்கும் என்கிறார் கடைக்காரர். ஹேண்ட் பிரஸ் ஒன்று வாங்கி நாங்களே அடித்துக்கொள்ளலாமா?’

நீங்களே அடித்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய தொப்பியும் வேண்டாம், பிரஸ்ஸும் வேண்டாம். ரிவிட்டின் இனத்தையே மாற்றுங்கள்.

உங்கள் வாரில் இருந்தது தொப்பி ரிவிட். கைப்பை, பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றிலும் பளபளவென்று தெரிவது அதுதான். ஒரு பக்கம் உள்ளீடற்ற குழல் கால், மறுபக்கம் மெல்லிய தகட்டில் செய்த தொப்பி. அடிக்கும்போது காலின் நுனி தொப்பிக்குள் நசுங்கி விரிந்து மாட்டிக்கொள்ளும். பிடிப்பு முழுவதும் அந்தச் சின்ன விரிவில்தான். தொப்பி 8 மி.மீ. ஆனாலும் 12 மி.மீ. ஆனாலும் உள்ளே மாட்டுகிற விதம் ஒன்றே. பெரிய தொப்பி தோலைப் பிய்த்துக்கொண்டு வராமல் வேண்டுமானால் தடுக்கும். கால் தொப்பியை விட்டு உருவிக்கொள்வதைத் தடுக்காது. கைப்பையின் வாருக்கு இது போதும். ஒவ்வொரு மூச்சுக்கும் குதிரையின் வயிறு விரிந்து சுருங்குகிறது, இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் மூட்டை முன்னே தள்ளுகிறது. அந்த இழுப்புக்கு இது ஆகாது.

அடுத்தது கறுப்பு. ஒரு காந்தத்தை எடுத்து மிச்சமிருக்கும் ரிவிட்டின் மேல் வையுங்கள். அநேகமாக ஒட்டும். பித்தளை என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி இரும்பின் மேல் பூசிய முலாம்தான். அடிக்கிற அடியிலேயே முலாம் விண்டுவிடும். ஈரம் உள்ளே போய் இரும்பைத் தொடும். சேண வாருக்குப் பெரும்பாலும் பட்டையில் பதனிட்ட தோலைத்தான் வாங்குவோம். திண்டுக்கல் தொட்டிகளில் ஆவாரம்பட்டை ஊறிய காலம் உண்டு. பிறகு வாட்டில் பட்டை வந்தது. உங்களுக்கு மேலே கொடைக்கானல் பக்கம் காடாக நிற்கும் வாட்டில் மரங்களை நட்டதே தோல் பதனிடும் பட்டைக்காகத்தான். இந்தப் பட்டைகளின் துவர்ப்புச் சத்து ஈர இரும்பைத் தொட்டால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் உங்கள் வாரிலும் நடந்திருக்கிறது. வெறும் கறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் துரு தங்கிய இடத்தில் தோல் நாளடைவில் மொரமொரத்து ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். குதிரை வியர்வையின் உப்பு அதை இன்னும் விரைவாக்கும். குரோம் தோல் கறுக்காது என்பதற்காக அதில் முலாம் ரிவிட் போடலாம் என்று எண்ண வேண்டாம், துரு அங்கேயும் துருதான்.

உங்களுக்கு வேண்டியது செம்பு ரிவிட்டும் அதோடு வரும் செம்பு வாஷரும். கெட்டியான கம்பி, தட்டையான அகலத் தலை. தோலுக்குள் கம்பியைச் செருகி, வாஷரை இறுக்கி இறக்கி, மிச்சத்தை வெட்டிவிட்டு நுனியைத் தட்டிக் குடையாக்க வேண்டும். உள்ளீடற்ற இடமே இல்லை, அதனால் உருவிக்கொள்ள வழியும் இல்லை. இது குதிரைச் சாமானோடு பிறந்த சரக்கு என்றே சொல்லலாம். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் குதிரைப் போர்வைகளுக்கு அடிக்க வைத்திருந்த செம்பு ரிவிட்டைத்தான் ஒரு வேலைக்காரரின் கால்சட்டைப் பையில் அடித்துப் பார்த்தார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து அதற்கு அவர் காப்புரிமை வாங்கியது 1873 மே 20. ஜீன்ஸ் பையின் மூலையில் இன்றும் நிற்கும் செம்புப் பொட்டு அப்படி வந்ததுதான்.

செம்பு ரிவிட்டை எண் சொல்லித்தான் கேட்க வேண்டும். கம்பி கேஜ் போல, எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 9 என்றால் ஏறக்குறைய மூன்றே முக்கால் மி.மீ., 12 என்றால் இரண்டே முக்கால், 14 என்றால் 2 மி.மீ. வயிற்று வாருக்கும் மூட்டையைத் தாங்கும் வாருக்கும் 9. தலைக்கயிற்று வாருக்கு 12. அரிவாள் உறைக்கும் அதே 12 போதும். உறையின் விளிம்பில், வெட்டுவாய் உரசும் பக்கத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டையை வைத்து அடித்துவிடுங்கள், கத்தி தையலை அறுக்காது.

சென்னை பெரியமேட்டில் தோல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே தேடலாம். திண்டுக்கல் வரைதான் போக முடியும் என்றால் இன்னொரு வழி சொல்கிறேன். எலக்ட்ரிக் கடையில் 8 கேஜ் செம்பு எர்த் ஒயர் கேளுங்கள், 4 மி.மீ. கனம். இரும்பில் துத்தநாகம் பூசியதையும் எர்த் ஒயர் என்றே தருவார்கள், காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதே கடையில் 4 மி.மீ. போல்ட்டுக்கான பித்தளை வாஷர் கிடைக்கும். ஒயரைத் துண்டு போட்டு, வைஸில் பிடித்து, 4 மி.மீ. வெளியே நீட்டி, நுனியைத் தட்டினால் தலை வந்துவிடும். இந்தத் தலை சிறியது. ஆகவே இரண்டு பக்கமும் வாஷர் போட வேண்டும். தட்டத் தட்டச் செம்பு முறுக்கேறி வெடிப்பு விடும். அப்போது அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். இதைச் செய்ய உங்களுக்குக் கை வராது என்றால் திண்டுக்கல்லில் ஏதாவதொரு பூட்டுப் பட்டறையில் கேளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூட்டு கைவேலைதான். ரிவிட்டைத் தட்டிக் குடையாக்குவதை அவர்களைவிட நன்றாக யாரும் காட்டித்தர முடியாது.

இனி நீளம். கடையில் யாரும் கேட்காத கேள்வி இது, பாதி ரிவிட் இதனால்தான் கழல்கிறது. உங்கள் வார் மூன்றரை மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கிளைச் சுற்றி மடித்தால் 7. மடிப்புக்கு நடுவே ஒரு 2 மி.மீ. தோல் பட்டை வைத்தால் 9. வாஷருக்கு 1. அதற்கு மேல் தட்ட 2 மி.மீ. ஆக 12. அரை அங்குல ரிவிட் கணக்குக்குச் சரி, ஆனால் வாஷரை ஏற்றும்போது பிடிமானம் இருக்காது. முக்கால் அங்குலமாக வாங்கி, மிஞ்சியதை வெட்டுங்கள். வெட்டுவது வாஷரைத் தட்டி இறுக்கிய பிறகுதான், முன்னால் வெட்டக் கூடாது. தோல் அமுங்கும், அமுங்கின பின் அளவு மாறும். தட்ட நிறைய விட்டால் நல்லது என்று 4, 5 மி.மீ. விடுகிறார்கள். அந்த நீளம் உருண்டு குடையாகாது, ஒரு பக்கமாகச் சாயும்.

கைப்பைக்காகத் தொப்பி ரிவிட்டே அடிப்பவர்களுக்கும் இங்கே ஒரு வரி: குழல் காலை வெட்ட முடியாது, அளவாக வாங்க வேண்டும். தோலுக்கு மேலே 3 மி.மீ. தெரிந்தால் சரி. குறைந்தால் தொப்பி ஒரு வாரத்தில் பறக்கும், கூடினால் கால் உள்ளே வளையும்.

கருவிகளில் காசைக் கொட்ட வேண்டிய இடம் அடிமானம். மேசையின் நடுவில் வைத்து அடித்தால் பலகை துள்ளி, அடியில் பாதியை விழுங்கிவிடும். பழைய இரும்புக் கடையில் ஒரு சாண் தண்டவாளத் துண்டு வாங்குங்கள்; மேல்முகத்தை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி, மரக்கட்டையின் மேல் உட்கார வையுங்கள். தோட்டத்து சில்வர் ஓக் கட்டை அடியில் இருக்கலாம், அடி விழுகிற இடத்தில் இரும்பு இருக்க வேண்டும்.

பஞ்ச் இரண்டாவது. ஆணியால் குத்தி ஓட்டை போடாதீர்கள்; ஆணி தோலைக் கிழித்து ஒதுக்கும், பஞ்ச் வட்டமாக வெட்டி எடுக்கும். 9 எண்ணுக்கும் எர்த் ஒயருக்கும் 4 மி.மீ. பஞ்ச். கம்பி தள்ளித்தான் நுழைய வேண்டும், தானாக விழுந்தால் ஓட்டை பெரிது. பஞ்சை மரச் சுத்தியலால் அடியுங்கள், கீழே பலகை வையுங்கள். தண்டவாளத்தின் மேல் வைத்து ஒரு அடி அடித்தாலும் முனை போய்விடும். சக்கரம் சுற்றும் பஞ்ச் பிளையர் மெல்லிய பெல்ட்டுக்குச் சரி, மடித்த சேண வாரில் வாய் பிளந்துகொள்ளும்.

ரிவிட் செட் என்று விற்பது ஒரு எஃகுத் துண்டு. ஒரு பக்கம் நேர் துளை, அது வாஷரை இறக்க. இன்னொரு பக்கம் குழி, அது நுனியை உருட்ட. கிடைக்கவில்லையா, லேத் பட்டறையில் ஒரு கட்டைவிரல் தடிமன் இரும்பில் நாலரை மி.மீ. துளை போடச் சொல்லுங்கள், வாஷர் இறங்கிவிடும். குழி இல்லாமலே சமாளிக்கலாம். 300 கிராம் பால் பீன் சுத்தியல் ஒன்று போதும், அதன் உருண்டை முகத்தால் தட்டுங்கள். வெட்டுவதற்குக் கட்டிங் பிளையரைவிட ஆணி பிடுங்கும் குறடு நன்று, அது வாஷரை ஒட்டி வெட்டும்.

அடிக்கும் விதம்: பலமாக ஒரே அடி அல்ல. நுனியின் நடுவில் முதலில் தொட்டுவிட்டு, ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னதாக இருபது முப்பது தட்டு. செம்பு மெள்ள ஒழுகி வாஷரின் மேல் படியும். முடிந்தபின் ரிவிட்டை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் இன்னும் தட்ட வேண்டும். வாஷரின் கீழ் தோல் பிதுங்கி வெட்டுப்பட்டால் அதிகமாகிவிட்டது. அதே கனத்தில் ஒரு கழிவுத் தோல் துண்டு எடுத்து முதலில் அதில் பழகுங்கள்.

பிரஸ் ஏன் வேண்டாம் என்றேன்? அது தொப்பி ரிவிட்டையும் பிரஸ் பட்டனையும் நூற்றுக்கணக்கில் அடிக்கிறவர்களுக்கான சாமான். ஒவ்வொரு தொப்பி அளவுக்கும் தனி டை வாங்க வேண்டும். டை தொப்பியைவிடச் சிறியதானால் வளையத் தழும்பு விழும், பெரியதானால் தொப்பி சப்பையாகும். மகளிர் குழு ஒன்று பை தைத்து விற்கிறது என்றால் வாங்கச் சொல்வேன். இரண்டு குதிரைக்கு வேண்டாம்.

எங்கே அடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். குறுக்கே இரண்டு ரிவிட்டைப் பக்கம் பக்கமாக அடித்தால் அந்தக் கோட்டில் வாரின் பலம் போய்விடும். நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரத்திலிருந்து ஒரு விரலாவது தள்ளி அடியுங்கள். வயிற்று வாரில் சுமையைத் தாங்குவது தையலாக இருக்கட்டும். மெழுகு நூலில் இரு ஊசித் தையல். பிளவு தொடங்கும் முனையில் தையலுக்குக் காவலாக ஒரு ரிவிட் நிற்கட்டும். அகலத் தலை குதிரையின் பக்கம், தட்டிய முனை வெளிப்பக்கம். தலைக்கும் குதிரையின் தோலுக்கும் நடுவே கண்டிப்பாக உட்பட்டை வேண்டும். இல்லையேல் உரசி உரசிப் புண்ணாகும், ஈ மொய்க்கும். ஜீன்ஸின் பின்பை ரிவிட் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகிறது என்று புகார் வந்ததால் 1937-இல் லீவைஸ் அதைத் துணிக்கு உள்ளே மறைத்துவிட்டார்கள். சேணத்துக்கே அந்தக் கதி என்றால் குதிரையின் தோலை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் வேலைக்காரர்களின் பாப் ரிவிட் கன் ஊருக்கு ஒன்று இருக்கும். தோலுக்கு அதை எடுக்காதீர்கள். அது தகட்டோடு தகட்டைச் சேர்க்கச் செய்தது. தோல் அமுங்கித் தளர்ந்ததும் ஆடும், அலுமினியக் கால் ஒரு பருவத்தில் முறியும். நைலான் பெல்ட் வாராக இருந்தால் பஞ்சும் வேண்டாம், காய்ச்சிய கம்பியால் ஓட்டை போடுங்கள். இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது.

செம்பைச் சுற்றிப் பச்சையாகப் பிசுக்குப் பூக்கும். நீங்கள் வாருக்குத் தடவும் எண்ணெய் செம்போடு சேர்ந்து வருவது அது. பலம் குறையாது, துணியால் துடைத்தால் போதும்.

பழைய ரிவிட்டை நெம்பி எடுக்க வேண்டாம், தோல் கிழியும். ஒரு பக்கத் தொப்பியை அரத்தால் ராவிவிட்டு, மறுபக்கம் தட்டி வெளியேற்றுங்கள். கறுத்து நீண்டுபோன அந்த ஓட்டையில் புது ரிவிட் நிற்காது. வாரில் நீளம் மிச்சமிருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு நல்ல தோலில் மடித்து அடியுங்கள். மிச்சமில்லை என்றால் வயிற்று வாரைப் புதிதாகவே தைத்துக்கொள்ளுங்கள், பழையதைத் தலைக்கயிற்றுக்கு வெட்டிக்கொள்ளலாம். காபிப் பழம் பறிப்பு சூடுபிடிக்குமுன் இதை முடித்துவிடுங்கள்.