வீட்டுக் காற்று மாறும் வீதத்தை அளத்தல்

சாளரம் இருப்பது வேறு. அதன் வழியே காற்று மாறுவது வேறு. எதிர்ப்புறம் காற்று வெளியேற வழியில்லாத அறைக்குப் பெரிய சாளரம் இருந்தும் பயன் குறைவே. ஆதலின் சாளரத்தின் பரப்பைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், காற்று மாறும் வீதத்தையே அளத்தல் வேண்டும். ஓர் அறையின் கன அளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உட்புகுகிறது என்பதே அவ்வீதமாகும்.

விறகடுப்பு எரியும் வீடுகளில் இஃது உடல்நலத்தைப் பற்றிய கேள்வி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் சுமார் 400 வீடுகளில் காற்றிலுள்ள நுண்துகள்களை அளந்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். எரிபொருளின் வகையோடு சமையலறையின் அமைப்பும் புகையின் அளவை நிர்ணயிப்பதாக அவர்கள் கண்டனர். விறகு எரித்த வீடுகளில், சமையலில் ஈடுபடாதோர் இருந்த கூடத்திலும் துகள்கள் மிகுந்திருந்தன.

அளக்கும் முறை எளிதே. கையடக்கமான கரியமில வாயு அளவி ஒன்று போதும். திருச்சானூரில் ஒரு சமையலறை 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் உடையது எனக் கொள்வோம். கன அளவு 21 கன மீட்டர். முதலில் வாசலில் வெளிக்காற்றை அளக்க. பத்து லட்சத்தில் 420 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அடுப்பை அணைத்துத் தணலையும் அகற்றியபின், நால்வர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உள்ளே அமர்ந்திருந்தால், அவர்தம் மூச்சினால் அளவு 2,000-ஐ எட்டலாம். பிறகு அனைவரும் வெளியேறி, கதவையும் சாளரத்தையும் அவ்வீட்டார் வழக்கமாக வைக்கும் நிலையில் விட்டுவிடுக. வெளிக்காற்றினும் மிகையான 1,580 பங்கு பாதியாகும்போது அளவி 1,210 காட்டும். அதற்குச் சென்ற நிமிஷங்களால் 42-ஐ வகுத்தால் வீதம் கிடைக்கும். (இரண்டின் இயற்கை மடக்கையாகிய 0.693-ஐ 60-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 42.) 21 நிமிஷம் சென்றிருப்பின் வீதம் 2; அதாவது மணிக்கு 42 கன மீட்டர் காற்று.

வீதம் 2 ஆயின், அடுப்பு அணைந்து ஒரு மணி நேரத்தில் புகையில் ஏழில் ஒரு பங்கே எஞ்சும். அரையாயின் ஐந்தில் மூன்று பங்கு எஞ்சி நிற்கும்! சுவரில் படியும் கரியை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

அளக்கையில் அறைக்காற்று நன்கு கலந்திருக்க ஒரு மேசை விசிறியைச் சுவரை நோக்கி மெல்லச் சுழலவிடுக. அடுத்த கூடத்திலும் ஆள் இருக்கலாகாது. அங்கிருந்து வரும் மூச்சுக்காற்று கணக்கைக் கெடுத்துவிடும். ஊதுவத்திப் புகை காற்றின் திசையைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது.

ஒரு நாளைய அளவை ஆண்டு முழுமைக்கும் கொள்ளுதல் தவறு. கார்த்திகை பிரம்மோற்சவத்தின்போது திருச்சானூர் வீடுகளில் உறவினர் வந்து தங்குவர். மழைக்கு அஞ்சிச் சாளரங்கள் அடைபடும். அடுப்போ நெடுநேரம் எரியும். பங்குனியில் எடுத்த அளவு அப்போது செல்லாது. அந்நாட்களில் மீண்டும் அளந்து, இரு அளவுகளையும் வீட்டாருக்குக் காட்டுக.