கிணற்றை உறிஞ்சாதீர்கள்: தை–மாசி மரக்கறித் தோட்டத்துக்கான ஆலோசனை

வாடைக் காற்று தளர்கிறது. மாரி மழை விட்டுவிட்டது. மன்னார்த் தீவில் கீரியிலும் தாழ்வுபாட்டிலும் எருக்கலம்பிட்டியிலும் கிணற்றுத் தண்ணீர் ஆண்டிலேயே மிக உயரமாக நிற்பது இந்த நாட்களில்தான். குனிந்து வாளியை விட்டாலே எட்டிவிடும். சென்ற ஆண்டு பலரை ஏமாற்றியதும் இந்த நிறைந்த தண்ணீர்தான். தையில் கையால் அள்ளி ஊற்றியவர்கள் மாசியில் மோட்டரை இறக்கினார்கள். பங்குனியில் கத்தரியின் அடி இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்பே தோட்டம் போனது. அதோடு குடிக்கிற தண்ணீரும் சவர்த்துப் போனது. ஆகையால் விதை, பாத்தி, பசளை எதையும் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக் கிணற்றில் மோட்டரைப் பூட்டித் தோட்டத்துக்கு இறைக்காதீர்கள். இதையே இந்த அறிவித்தலில் மறுபடியும் சொல்வேன்.

முதலில் காலக் கணக்கு. நமக்கு இப்போது கிடைப்பது தை நடுப்பகுதியிலிருந்து சித்திரை முடிவு வரையான மூன்றரை மாதம். அதற்குப் பிறகு சோளகம் எழும்பும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் தம்பபவனி காற்றாலைகளை நிறுவியது இந்தக் காற்றை நம்பித்தான். காற்றாலைக்கு நல்லதாக இருக்கும் காற்று புடலங்கொடிக்கு ஆகாது. மணலை அள்ளி இலையில் அறைந்து, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். எனவே சித்திரைக்குள் காய்த்து முடிகிற பயிரை மட்டும் இப்போது தொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தோட்டப் படம் அனுப்புகிறார்கள். ரொறன்ரோவில் பங்குனியில் வீட்டுக்குள், யன்னலோரம் நாற்றுப் போட்டு, உறைபனி விட்ட பிறகு வைகாசியில்தான் வெளியே நடுவார்கள். அவர்களுக்கு அது தொடக்கம். நமக்கு வைகாசி என்பது தோட்டத்தை மூடுகிற மாதம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் குளிர் ஊர். அங்கே கரட்டும் லீக்ஸும் ஆண்டு முழுவதும் வரும், கீரி மணலில் மாசி வெயிலில் வராது. கடலுக்கு அக்கரையில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வார்கள். இங்கே ஆடியில் மழையும் இல்லை, சோளகமும் ஓயாது. காணொளி பார்த்து நடுபவர்கள் முதலில் அது எந்த ஊர், எந்த மாதம் என்று பாருங்கள்.

பார்சலில் வரும் விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுப் பெரிய வெங்காய இனங்கள் பலவற்றுக்குக் கிழங்கு கட்டப் பகல் 14 மணித்தியாலமாவது நீள வேண்டும். மன்னாரில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எவ்வளவு எருப் போட்டாலும் அந்த வெங்காயம் தாளாகவே நிற்கும். அனுமதி இல்லாமல் விதையை நாட்டுக்குள் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. விதைக்குக் கமநல சேவை நிலையத்தையோ விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தையோ கேளுங்கள். வெண்டியில் ஹரிதா, கத்தரியில் திருநெல்வேலி ஊதா, பாகலில் திருநெல்வேலி வெள்ளை ஆகியவை நம் வெயிலுக்குப் பழகிய இனங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. முளைக்கீரை உடனே தூவுங்கள், நான்கு கிழமையில் பிடுங்கலாம். வெண்டி, பயற்றங்காய், கெக்கரி மாசி முதற் கிழமைக்குள் நேரே ஊன்ற வேண்டும். பாகல், புடல், பீர்க்கு விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றுங்கள். கத்தரி, மிளகாய்க்கு நாற்று கையில் இருந்தால் தை முடிவதற்குள் நடுங்கள்; நாற்று இல்லாவிட்டால் இந்தப் போகத்துக்கு விட்டுவிடுங்கள், இனி நாற்றுமேடை போட்டால் காய்க்கும்போது சோளகம் வந்துவிடும். தக்காளியும் அப்படியே. இரவுச் சூடு 24 பாகைக்கு மேல் போனால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். மாசி பிறந்த பிறகு தக்காளி நட்டுவிட்டுப் பூ கொட்டுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டு வராதீர்கள். அதற்கு மருந்து இல்லை. முருங்கைத் தடி, பொன்னாங்காணி, பசளி ஆகியவற்றைக் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடும் பக்கமாக வையுங்கள்.

மாரியில் போட்ட மேட்டுப்பாத்தியைக் கலைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் மணலில் பாத்தி தாழ்ந்திருக்க வேண்டும், சுற்றிவரக் கைப்பிடி உயரத்துக்கு வரம்பு போதும். மேட்டில் நட்டால் ஈரம் வடிந்து உப்பு மேல்முனையில் வந்து படியும், செடி நிற்பதும் அங்கேதான். பாத்தியின் அடியில் ஓரடி ஆழத்தில் தேங்காய்ப் பொச்சைப் பரப்பி மூடுங்கள், தண்ணீரைப் பிடித்து வைக்கும். உக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு சதுர மீற்றருக்கு ஒரு வாளி. பூவரசங்குழை, கிளிசரியாக் குழை கிடைத்தால் தாழுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், நம் மணலில் சிப்பித்தூள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது. அடுப்புச் சாம்பலையும் கொட்டாதீர்கள். கரையில் ஒதுங்கும் சாதாழை நல்ல எரு, ஆனால் அது மாரி மழையில் கிடந்து உப்புக் கழுவுப்பட்ட பிறகுதான் எரு. இப்போது அள்ளி வந்தால் கழுவக் கிணற்றைத்தான் தேட வேண்டும். அடுத்த ஆண்டுக்காக ஒரு மூலையில் குவித்து வையுங்கள்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

கீரியில் நாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்தோ நிலத்தடி ஆறாக ஓடி வருவதல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்த மணலில் விழுந்த மழைதான் அது. மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் கனமானது, மழைநீர் இலேசானது; இரண்டுக்கும் கனத்தில் நூற்றுக்கு இரண்டரை அளவுதான் வித்தியாசம். அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் நம் குடிநீர் தாங்கி நிற்கிறது. டச்சுக்காரர் கைபெனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டார்கள். ஹெர்ஸ்பெர்க் பார்த்ததும் வடகடலில் நம்முடையதைப் போன்ற மணல் தீவைத்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி தண்ணீரை இறைத்து இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழே உவர்நீர் 40 அடி மேலே வரப் பார்க்கும். கிணற்றுக்குள் நேரே அடியிலிருந்து கூம்பு போல எழும்பி வரும். எழும்ப எடுப்பது சில நாள். பழையபடி கீழே இறங்க அடுத்த மாரி வரை ஆகலாம்.

வாளியால் அள்ளும்போது இது நடப்பது அரிது. பத்து வாளி அள்ளுகிறோம், நிற்கிறோம், பக்கத்து மணலிலிருந்து தண்ணீர் ஊறி வந்து மட்டம் நிரவுகிறது. மோட்டர் நிற்காது. இரண்டு அங்குல மண்ணெண்ணெய்ப் பம்ப் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லீற்றரை இழுத்துத் தள்ளும். அரை மணித்தியாலத்தில் கிணற்றடி மணல் தெரியும். அதற்குப் பிறகு ஊறி வருவது பக்கத்திலிருந்து மட்டும் அல்ல, கீழேயிருந்தும்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இதைக் கண்ணால் கண்டார்கள். கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்க வந்தவர்கள் பம்ப் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் அளவு மீறி இறைத்த இடங்களில் உப்புக் குறையவில்லை. கீழிருந்த உவர்நீரும் சேர்ந்து மேலே வந்தது. கடைசியில் அந்த மணலைக் கழுவியது மழைதான்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மாசி, பங்குனி வெயிலில் சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு லீற்றர். ஒரு குடும்பத்துக்குக் கீரை, வெண்டி, கத்தரி தர 20 சதுர மீற்றர் பாத்தி போதும். அதற்குக் கூடினால் 120 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் பன்னிரண்டு தரம். காலையில் ஆறு, பின்னேரம் ஆறு. இதற்கா மோட்டர்? மோட்டர் போடுகிறவர் பன்னிரண்டு வாளியோடு நிற்பதில்லை. குழாயைப் பாத்தியில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். மணல் தேவைக்கு மேல் தண்ணீரைப் பிடிக்காது. மிச்சம் எல்லாம் பசளையையும் கரைத்துக்கொண்டு நேரே கீழே போகிறது. அந்தத் தண்ணீர் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் உரியது என்பதை நினைத்தீர்களா? உங்கள் மோட்டர் ஓடினால் சவர்ப்பது உங்கள் கிணறு மட்டும் அல்ல. வேலிக்கு அப்பால் ஒரு கிழவி வாளியால் அள்ளிக் குடிக்கும் கிணறும்தான்.

முதுகு நோகிறது, வயதாகிவிட்டது என்பவர்களுக்கு வழி உண்டு. சின்ன மோட்டரால் பத்து நிமிடம் தொட்டிக்கு ஏற்றி, நிறுத்தி, கிணறு பழைய மட்டத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் கோட்டிலிருந்து ஒரு சாண் இறங்கினால் நிறுத்த வேண்டும். பாத்தி நடுவே பூச்சுப் பூசாத மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து நிரப்பி மூடி வைத்தால் கசிந்து கசிந்து வேரை நனைக்கும். கெக்கரிக்கும் பாகலுக்கும் மிகவும் நல்லது. பனையோலையையோ காய்ந்த புல்லையோ நான்கு விரல் தடிப்பில் பாத்தி முழுவதும் மூடுங்கள். வெறும் மணலில் வெயில் பட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே தங்கிவிடும். தண்ணீரை இலையில் அடிக்காதீர்கள், வேரில் ஊற்றுங்கள்.

நாக்கால் சுவைத்துப் பார்த்து, தண்ணீர் நல்லாத்தானே இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரின் உப்பை மின்கடத்துதிறனாக, மீற்றருக்கு டெசிசீமன் என்ற அலகில் அளப்பார்கள். 0.7ஐத் தாண்டினாலே போஞ்சி விளைச்சல் குறையத் தொடங்கும். அந்த அளவில் உங்கள் நாக்குக்கு அது நல்ல தண்ணீர்தான். வெங்காயம், முள்ளங்கிக்கு 0.8, மிளகாய்க்கு 1, தக்காளிக்கு 1.7, பீற்றூட்டுக்கு 2.7, கௌபிக்கு 3.3 வரை பாதகமில்லை. 3ஐத் தாண்டிய தண்ணீர் பெரும்பாலான மரக்கறிக்கு ஆகாது. ஒரு சோடாப் போத்தலைக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, நிரப்பி, பெயரும் திகதியும் எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் அளக்கக் கொடுங்கள். தையில் ஒரு தரம், பங்குனியில் ஒரு தரம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிணறு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும்.

செடியும் சொல்லும். முதிர்ந்த இலையின் நுனியில் மஞ்சள், பிறகு ஓரம் முழுக்கக் கபிலம், தொட்டால் அப்பளம்போல நொறுங்கும். நடுநரம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும். பாத்தி வரம்பிலும் மண்சாடி விளிம்பிலும் வெள்ளைப் பூச்சுப் படியும். இதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து இன்னும் இறைத்தவர்கள்தான் சென்ற ஆண்டு முழுத் தோட்டத்தையும் இழந்தார்கள். நோய் என்று எண்ணி மருந்தடித்தவர்களும் உண்டு. இலை ஓரம் கருகினால் மோட்டரை நிறுத்துங்கள். முதல் வேலை அது.

மற்றவை சுருக்கமாக. யூரியாவைக் கை நிறைய வீசாதீர்கள். மணலில் அது கிணற்றுக்குத்தான் போகும், நைத்திரேற்று கூடிய தண்ணீர் பால்குடிப் பிள்ளைகளுக்கு ஆபத்து. தேக்கரண்டி அளவில், இரண்டு கிழமைக்கு ஒரு தரம், செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெண்டியில் மஞ்சள் நரம்புச் செடி கண்டால் அன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள். மிளகாய் இலை சுருண்டால் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பின்னேரத்தில் இலையின் அடிப்புறம் படத் தெளியுங்கள். பாகல் பிஞ்சுக்குக் கடதாசிப் பை கட்டுங்கள், பழ ஈ குத்தாது. பழைய மீன்வலையைப் பந்தலுக்குப் பயன்படுத்தலாம். வேலியில் ஓட்டை இருந்தால் நடுவதற்கு முன் அடையுங்கள். மன்னார்க் கழுதைகள் இரவில் ஒரு பாத்தியை முடிக்கும், படலையைக் கயிற்றால் கட்டினால் போதாது, கொழுவி போடுங்கள். சோளகம் வரும் தென்மேற்குப் பக்கம் கிடுகு மறைப்பை இப்போதே கட்டத் தொடங்குங்கள்.

கிணறு ஏற்கெனவே சவர்த்திருந்தால் அதை இறைத்து நல்லதாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆழப்படுத்தலாம் என்றாலும் கேட்காதீர்கள், ஆழம் போகப் போக உவருக்குத்தான் கிட்டப் போகிறீர்கள். தோட்டத்துக்கு அள்ளுவதை முற்றாக நிறுத்தி, வீட்டுத் தேவைக்கு மட்டும் மேல்தண்ணீரை மெதுவாக அள்ளுங்கள். சமையலறையில் அரிசி கழுவிய தண்ணீர் இரண்டு சாடி மிளகாய்க்கும் ஒரு பொன்னாங்காணிப் பாத்திக்கும் போதும். இந்தப் போகத்துக்கு அவ்வளவோடு நில்லுங்கள். புரட்டாதி முடிவதற்குள் கூரைக்குப் பீலி பூட்டி, வழியும் தண்ணீர் கிணற்றைச் சுற்றியுள்ள மணலில் இறங்கும்படி குழி வெட்டி வையுங்கள். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், மோட்டரைப் போடுவதற்கு முன்.