பாபினைத் தொடுவதற்கு முன்னால்: எம்ப்ராய்டரி மெஷினில் நூல் டென்ஷன்



ஊட்டிக்குப் போனால் தோடர்களின் பூத்துக்குளி சால்வையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இருக்கும் அந்த வேலைப்பாட்டில் பின்பக்கமும் சுத்தமாகவே இருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. சட்டம் (ஃபிரேம்) இல்லை, துணியில் வரைந்துகொள்வதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். நூலை எவ்வளவு இழுக்கணும்னு விரல்தான் முடிவு செய்யும்.

மெஷினுக்கு விரல் கிடையாது. அங்கே இரண்டு நூல்களுக்கு நடுவே ஒரு வடம் இழுக்கும் போட்டி நடக்கிறது. மேல்நூலை டென்ஷன் டிஸ்க் பிடித்து இழுக்கும். கீழ்நூலை பாபின் கேஸில் உள்ள சின்னத் தகடு இழுக்கும். எந்தப் பக்கம் பலம் அதிகமோ, முடிச்சு அந்தப் பக்கம் போகும்.

சோதனை: வேலைக்கு எடுத்த அதே மாதிரி துணித் துண்டில், அதே ஸ்டெபிலைசர் வைத்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் சாட்டின் தையல் போடுங்க. பிறகு திருப்பிப் பாருங்க.

* நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல், இரண்டு ஓரத்திலும் கலர் நூல்: சரியா இருக்கு.
* பாபின் நூல் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது: மேல்நூல் இறுக்கம், அல்லது பாபின் தளர்வு.
* பின்பக்கம் முழுக்கக் கலர் நூல்: மேல்நூல் தளர்வு, அல்லது பாபின் இறுக்கம்.

இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துடுறாங்க! கொஞ்சம் பொறுங்க. வரிசை இதுதான்:

1. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல்நூலைத் திரும்பக் கோர்க்கவும். ஃபுட் கீழே இருந்தால் டிஸ்க் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. பின்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்.
2. பாபின் கேஸில் சேர்ந்த பஞ்சைத் துடைக்கவும்.
3. ஊசியை மாற்றவும். வளைந்த ஊசியும் டென்ஷன் கோளாறு மாதிரியே நடிக்கும்.
4. அப்புறமும் சரியாகாவிட்டால் மேல் டயலை அரை எண் அளவுக்கு மட்டும் திருப்பி, மறுபடி தைத்துப் பார்க்கவும்.
5. கடைசியாகத்தான் பாபின். கேஸ் தனியாகக் கழலும் மெஷின் என்றால், நூலைப் பிடித்து கேஸைத் தொங்கவிடுங்க. அப்படியே நிற்கணும், லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்கணும். சரசரன்னு இறங்கினால் தளர்வு, அசையவே இல்லைன்னா இறுக்கம். ஸ்க்ரூவை வலப்புறம் திருப்பினால் இறுகும். கடிகார முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு போதும். திருப்புவதற்கு முன் பழைய நிலையை போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. லேபில் செய்வது போலத்தான். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால், எது குணமாக்கியது, எது கெடுத்ததுன்னு தெரியவே தெரியாது.

கடைசியா ஒன்று. டென்ஷன் சரியானதும் தோடர் டிசைனை மெஷினில் போட்டுப் பார்க்க ஆசை வரும். ஆனால் அதை தோடர் எம்ப்ராய்டரின்னு சொல்லி விற்காதீங்க. அந்தப் பெயர், இழை எண்ணித் தைக்கும் அந்த விரல்களுக்கு உரியது.