பத்து மாணவர் கணக்கு

சித்தூர் மாவட்டம் வட ஆற்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 1911இல் அமைந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அங்கே வாழும் தமிழர் தம் மொழிக்கு யாரிடம், எவ்வாறு கேட்பது?

1949இல் கூடிய மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு ஒரு கணக்கு வகுத்தது. வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் தொடக்கக் கல்வி தாய்மொழியில் தரப்பட வேண்டும் என்பது அது. 1956இல் அரசியலமைப்பில் 350-அ பிரிவும் சேர்ந்தது. சிறுபான்மை மொழியினர் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வாழும் நகராட்சிகளில் முக்கிய அறிவிப்புகள் அம்மொழியிலும் வரவேண்டுமென மத்திய அரசு அவ்வாண்டே கூறியது.

நண்பர்களே, இக்கணக்கு தானே எழுந்து பள்ளிக்கு வந்துவிடாது! பெற்றோர் கூடிப் பெயரெழுதி மனுக் கொடுத்தாக வேண்டும். ஆசிரியரையும் பாடநூலையும் தனித்தனியே கேட்க வேண்டும். நகராட்சி அறிவிப்பு என்றால் மன்றத்தில் எழுந்து பேச ஓர் உறுப்பினரும் வேண்டும். திருப்பதி 2007இல் மாநகராட்சியாயிற்று. அதன் மாமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்ததோ 2021இல்தான்! இடைக்காலத்தில் மனுக்கள் அதிகாரியின் மேசைக்கே சென்றன. அங்கே விவாதமில்லை, ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று ஊரார் அறியவும் வழியில்லை.